விண்ட்சர் கவுண்டியில் கல்லறைகளைத் தேட உதவியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விண்ட்சர் கவுண்டி என்று ஒரு மலைநாட்டுப் பகுதி. அங்கே அடக்கமாகியிருக்கும் அரசியல்வாதிகளின் கல்லறைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் படம் எடுத்து, பெயர், பதவி, தேதி எல்லாம் சரிபார்த்து எழுதி வைக்கும் வேலையை மூன்று வருடமாகச் செய்துவந்தேன். போன மாதம் முடிந்தது. தொடங்கும்போது தனியாள். முடிக்கும்போது கூட நின்றவர்களை விரல்விட்டு எண்ண முடியவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மீதிப் பேர் தமிழ் வாசிப்பவர்கள். உங்களுக்கும், இந்த வேலையெல்லாம் எதற்கு என்று அக்கறையோடு கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஊரின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் டவுன் கிளார்க் அம்மா ஒருவருக்கு. ஏழெட்டுப் பெயர்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் அவர் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். உட்காரச் சொல்லி, பழைய பதிவேட்டை மேசையில் விரித்து, வெர்மான்ட் சட்டமன்றத்தின் கதையைச் சொன்னார். 1965 வரை இங்கே ஆயிரம் பேர் வாழும் டவுனுக்கும் ஒரு உறுப்பினர், நூறு பேர் வாழும் டவுனுக்கும் ஒரு உறுப்பினர். அவையில் 246 இடங்கள். அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்குப்படி தொகுதிகளைப் பிரித்து 150 ஆகக் குறைத்தார்கள். அதனால் எவ்வளவு சின்ன ஊரின் கல்லறைத் தோட்டமாக இருந்தாலும், தலைநகரம் போய்ச் சட்டம் இயற்றிவிட்டு மறுபடி மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பியவர்கள் அங்கே இருப்பார்கள். கல்லில் அந்தப் பதவி பெரும்பாலும் இருக்காது. பெயர், தேதி, மனைவி பெயர், அவ்வளவுதான். பதிவேட்டைப் பார்த்தால்தான் யாரென்று தெரியும். அம்மா, நீங்கள் அன்று விளக்கியிருக்காவிட்டால் நான் கவர்னர்களையும் செனட்டர்களையும் மட்டும் எழுதிவிட்டு வந்திருப்பேன்.

அடுத்தது கல்லறைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வெர்மான்ட்டில் பழைய கற்கள் நிறைய சலவைக்கல். மழையிலும் பனியிலும் அதன் மேல்தோல் சர்க்கரை மாதிரி உதிர்ந்து எழுத்து மங்கிப்போகும். ஒரு கல்லை நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் தன் பழைய டிரக்கிலிருந்து முழ நீளக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தார். வெயிலை அதில் வாங்கி, கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக விழும்படி பிடித்தார். வெறும் பலகையாக இருந்த கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் விழுந்தது. பெயரின் முதல் எழுத்து, அப்புறம் வருடம், அப்புறம் கீழே ஒரு வில்லோ மரத்தின் கிளைகள். நான் படிக்கப் படிக்க அவர் கை நடுங்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். சுண்ணாம்பு பூசிப் படிக்காதே, கம்பி பிரஷ் போடாதே, பிளீச்சைக் கிட்டேயே கொண்டு வராதே என்று அவர் சொல்லித் தந்ததை எல்லாம் இன்றுவரை மீறவில்லை.

கல்லைச் சுத்தம் செய்ய வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. தண்ணீர், மெத்தென்ற பிரஷ், மூங்கில் குச்சி, இவ்வளவுதான் அவர்கள் கருவி. கற்களில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது நாம் பிரியாணிக்குப் போடும் கல்பாசியின் இனம்தான் என்று சொன்னேன். நம்பாமல் மோந்து பார்த்தார்கள்.

பிளிமத் நாட்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 30ஆவது அதிபர் கால்வின் கூலிட்ஜ் 1872 ஜூலை 4 அன்று பிறந்ததும் அந்த மலைக் கிராமத்தில்தான், 1933 ஜனவரியில் அடக்கமானதும் அங்கேதான். 1923இல் அதிபர் ஹார்டிங் இறந்த செய்தி வந்தபோது கூலிட்ஜ் அப்பா வீட்டில் இருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. ஆகஸ்ட் 3 விடியற்காலை 2:47க்கு, மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், நோட்டரியாக இருந்த அப்பாவே மகனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அந்த அப்பாவும் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். என் கணக்கில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

கல்லறை ரோட்டோரச் சரிவில் இருக்கிறது. கல் படிகளில் ஏறிப் போனால் குடும்பம் முழுவதும் பக்கம் பக்கமாக. அதிபரின் கல்லில் அதிபர் முத்திரையைத் தவிர வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. கூடவே அவருடைய சின்ன மகனும் இருக்கிறான். அவன் பெயரும் கால்வின்தான். வெள்ளை மாளிகையில் காலுறை போடாமல் டென்னிஸ் ஆடி, காலில் வந்த கொப்புளத்தில் சீழ் வைத்து, ரத்தத்தில் விஷம் ஏறி 1924 ஜூலை 7 அன்று போய்விட்டான். 16 வயது. இன்று ஒரு மாத்திரையில் சரியாகிவிடும். அன்று அந்த மருந்து இல்லை. எனக்கும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கிறான். கேமராவை எடுக்க மனம் வரவில்லை. வழிகாட்ட வந்த பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒன்றும் பேசாமல் கீழே போய் ரோட்டோரம் காத்திருந்தார். அந்தக் கால் மணி நேரத்துக்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் கிராமத்தார் ஊர்வலமாகப் போய் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். இந்த வருடம் நானும் பின்னாலேயே நடந்தேன்.

பாஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்து என்னை விண்ட்சர் ஊருக்குக் கூட்டிப்போன அக்காவுக்கு என்ன சொல்வது! 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் அவருக்காக வாதாடியவர், பின்னாளில் வெளியுறவு அமைச்சர், சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் திரட்டிய குழுவின் தலைவர் வில்லியம் எவர்ட்ஸ், அந்த ஊர் அஸ்கட்னி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அக்கா கொண்டுவந்த புளியோதரையை ஆற்றங்கரையில், 1866இல் கட்டிய, மேலே கூரை போட்ட மரப் பாலத்தைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

வுட்ஸ்டாக்கில் ஜேக்கப் காலமர் கல்லறையைப் படம் எடுத்துத் தந்த தம்பிக்கும் நன்றி. தபால்துறை அமைச்சராகவும் செனட்டராகவும் இருந்தவர். வெர்மான்ட் சார்பாக நாடாளுமன்றக் கட்டடத்தில் நிற்கும் இரண்டு சிலைகளில் ஒன்று இவருடையது. அப்புறம், 1848 முதல் 1850 வரை கவர்னராக இருந்த கார்லோஸ் கூலிட்ஜை, பெயரை வைத்து, பிளிமத் நாட்ச்சில் அதிபர் குடும்பத்தோடு சேர்த்து எழுதிவிட்டேன். அவர் இருப்பது விண்ட்சர் ஊரில் என்று திருத்தி எழுதிய வாசகருக்கு என் வணக்கம். அந்தத் தப்பு அச்சேறியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் சேற்றில் அச்சு வரை புதைந்த என் காரை டிராக்டர் கட்டி இழுத்துவிட்டு, பணம் வாங்க மறுத்துப் போன விவசாயிக்கும் இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் அந்தக் கண்ணாடியை எனக்கே கொடுத்துவிட்டார். பழைய துண்டில் சுற்றி கார் டிக்கியில் வைத்திருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் தரை பாறையாக இறுகிவிடும். குழி தோண்டக்கூட வசந்தத்துக்குக் காத்திருப்பார்கள். மே மாதம் மண் இளகியதும் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மேல்மூலையில் இரண்டு கல் சாய்ந்து நிற்கின்றன. ஒன்று சட்டமன்ற உறுப்பினருடையது, இன்னொன்று அவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. இரண்டையும் சேர்த்தே நிமிர்த்துவோம் என்றார் அவர்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவர்