நாலடிக்குள் ஒரு தாலாட்டு

ஆசிரியருக்கு,

உலக நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய கட்டுரையில் அஜர்பைஜான் தாலாட்டைக் காணோமே! அங்கே அதை ‘லாய்லா’ என்பார்கள். பெரும்பாலும் ‘பயாத்தி’ என்ற நாலடிப் பாட்டுதான். அடிக்கு 7 அசை (நம் நேர், நிரை அல்ல; உயிரொலிக்கு ஒன்றாக எண்ணும் ஒலித்துண்டு). மூன்றாம் அடி மட்டும் இயைபில் (அடிக் கடைசியில் ஒரே ஓசை வருவதில்) சேராமல் தனித்து நிற்கும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் பிள்ளை ரோஜாக்களில் புதைந்து தூங்கட்டும் என்ற ஆசை, அதன் கல்யாணக் கனவு, பிரிந்தவர்மேல் ஏக்கம் எல்லாம் வந்துவிடும். தூக்கத்துக்கு லாய்லா, விழித்திருக்கும் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச ‘ஒக்‌ஷாமா’ என்று தனிப்பாட்டே உண்டு. வாய்மொழிப் பாட்டு என்பதால் பாடுகிறவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கலாம். செல்போனில் ஓடவிடும் பாட்டில் அது நடக்குமா? அடுத்த வாரமாவது இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

– வாசகி, திருச்சி