விலைச்சிட்டையில் என்ன எழுதலாம்

அன்பு மகளுக்கு,

மாங்குளத்துக் கொட்டிலில் பழைய மரத்திலும் பழஞ்சீலையிலும் நாங்கள் செய்யும் பெட்டி, போர்வைகளுக்கு என்று நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய விலைச்சிட்டை மாதிரியை நானும் அப்பாவும் பார்த்தோம். படங்கள் வடிவாக வந்திருக்கின்றன. ஆனால் மேலே பெரிதாகப் போட்டிருக்கிறாயே, போரின் சாம்பலில் இருந்து வந்த கைவினை என்று, அந்த வரி எங்கள் இருவருக்கும் ஒப்பவில்லை. போனில் கதைத்தால் இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிடும். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

அந்த வரி விற்கும் என்று நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். ரொறன்ரோ சந்தையில் மேசை போட்டு நிற்பவள் நீ. யார் எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எங்களைவிட உனக்குத்தான் தெரியும். ஆனால் இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். போர்வை நன்றாக இருக்கிறது என்று வாங்கியவர் அடுத்த மாரிக்கு இன்னொன்று கேட்டு வருவார். எங்கள் கொட்டில் நடப்பது அவரை நம்பித்தான்.

தைக்கிற அக்காமாரையும் யோசித்துப் பார். போர் முடிந்தபோது சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்து திரும்பிய நாள் தொடக்கம் இவர்களிடம் கதை கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேர். கொப்பியில் எழுதினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். போர்வையைத் திருப்பி, பின்பக்கமும் தையல் இவ்வளவு சீராக எப்படி வருகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஊசியைக் கையில் எடுத்தால் இவர்கள் தொழில்காரர்கள். பக்கத்தில் இருந்து தைக்கும்போது ஒருத்தி தன் மனுசனைத் தேடி அலைந்ததை எனக்குச் சொல்கிறாள் என்றால், என்னை நம்பிச் சொல்கிறாள். அதை அட்டையில் அச்சடித்துச் சீலையில் குத்தி அனுப்ப என்னால் முடியாது. தன் கதையைப் போடச் சொல்லி அவளே கேட்டால் அது வேறு.

அப்ப என்னத்தைத்தான் எழுதுவது என்று கேட்பாய். எழுத நிறைய இருக்கிறது பிள்ளை. மரத்தையே எடு. அப்பா வாங்குவது பெரும்பாலும் இடிந்துபோன பழைய வீடுகளின் கதவு நிலை, வளை, கைமரம். 2012 க்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கிடைத்துப் புதுவீடு கட்டியவர்கள் பலர், பழைய வீட்டு மரங்களைக் கோடிப்புறத்தில் அடுக்கி வைத்தார்கள். கறையான் தின்னாதவை இன்னும் கிடக்கின்றன. முதிரையைச் சீவினால் உள்ளே பொன் நிறம், வெளிச்சத்தில் திருப்பினால் பட்டு மாதிரி மினுங்கும். பாலை சிவப்புக் கலந்த கபிலம், தண்ணீரில் போட்டால் தாழும். இந்தப் பலகைகளுக்காக இன்று ஒரு மரத்தையும் தறிக்கவில்லை என்பதைச் சிட்டையில் தாராளமாகப் போடு. ஏற்றி வரும்போது வழியில் மறித்துக் கேட்டால் காட்ட, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக் கிராம சேவையாளருக்கும் தெரியப்படுத்தித்தான் அப்பா மரம் எடுக்கிறார். ஆகவே எந்தப் பலகை எந்த ஊர் வீட்டில் இருந்தது என்று எங்களிடம் எழுத்தில் இருக்கிறது.

அந்த மரத்தில் வேலை செய்வதும் லேசில்லை. வாளை வைக்க முன்னர் ஒவ்வொரு பலகையிலும் காந்தம் பிடித்துப் பார்க்க வேண்டும். கறள் ஆணி இருக்கும், சிலவேளை எறிகணைத் துண்டும் இருக்கும். ஒன்று பட்டாலும் வாளின் பல் போய்விடும். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், அதனால் நீளக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம். பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர மண்கடதாசி போட்டுத் தேய்க்க அப்பா யாரையும் விடுவதில்லை. ஒருகாலத்தில் பூச்சு இருந்த மரம் கரண்டியாகவோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகவோ போகக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பு. முடிவில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் பூசுகிறோம். மெழுகு தேன் எடுப்பவர்களிடம் வாங்குவது.

சீலைக்கு வருகிறேன். கனடாவில் விற்கும் துணிச் சாமானில் என்ன நூல் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அதற்காக இப்போது ஒவ்வொரு பழஞ்சீலையிலும் கரையில் இருந்து இரண்டு நூல் உருவி நெருப்பில் பிடிக்கிறோம். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாக உறையும். உருகியதைப் போர்வைக்கு எடுப்பதில்லை, பைக்கு உள்துணியாகப் போடுகிறோம். உரச்சாக்கில் செய்யும் சந்தைப் பைக்கு அது நன்றாகப் பிடிக்கிறது.

வெற்று ரவைக்கோதில் விளக்குத்தண்டு செய்யலாமா என்று உன் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். செய்ய மாட்டோம். எவ்வளவு தந்தாலும் செய்ய மாட்டோம். 2002 இல் இருந்து இங்கே வெடிபொருள் அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் ஆட்களுக்கு முகமாலைப் பக்கம் எத்தனை வருட வேலை இருந்தது என்று உனக்கே தெரியும். பழைய இரும்புக்காகக் காணி கிண்டிக் கை போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. நாங்கள் ஒரு கோதுக்கு விலை வைத்தால், அதைத் தேடிப் பற்றைக்குள் இறங்கப் போவது பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு பொடியன். அந்த வாடிக்கையாளருக்கு இதை இப்படியே சொல்லு.

செதுக்கு வேலை உள்ள பழைய கதவு கேட்டவருக்கும் இல்லை என்று சொல்லிவிடு. பழம்பொருளைத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அப்படியான கதவு இந்த மண்ணிலேயே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பமும்.

பொதி விசயம். மரப்பெட்டி அடித்து அனுப்பலாம் என்று அப்பா யோசித்தார். வெளிநாட்டுக்குப் போகும் மரப் பொதியை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்த வேண்டுமாம், ஆகவே மட்டைப் பெட்டியே போதும். கூரியர்க்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து, வருவது நிறையைவிடக் கூடினால் அதற்குத்தான் காசு. போர்வைகளை இறுக்கிச் சுற்றி அனுப்புகிறோம். பாலைப் பலகையில் செய்த பெரிய சாமான்களுக்கு அங்கே ஆர்டர் எடுக்காதே, அவற்றை இங்கேயே விற்கிறோம். விலையைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டால் தையல் கூலியில் கை வைக்காதே. முடியாவிட்டால் சாமானைத் திருப்பி மேசையில் வை.

சிட்டை இப்படி இருக்கட்டும்:

முதிரைப் பெட்டி. மரம், ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டின் யன்னல் நிலை. பழைய ஆணித் துளைகள் தெரியும். ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு பூசியது. தண்ணீரில் ஊற விடக் கூடாது. செய்த இடம், மாங்குளம், வன்னி.

செய்தவரின் பெயரை, அவர் சம்மதித்தால், கீழே போடலாம். போர்வை தைப்பவர்களிடம் கேட்டுவிட்டேன், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சம்மதம். அந்த ஒருவருடைய போர்வையில் இடத்தின் பெயர் மட்டும் போதும். யாராவது நின்று, அந்த ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லு. உனக்குத் தெரிந்ததைச் சொல்லு, நேரம் எடுத்துச் சொல்லு.

வெள்ளிக்கிழமைக்கு முன் திருத்தி அனுப்பினால் அப்பா கிளிநொச்சிக்குப் போகும்போது அச்சுக்குக் கொடுத்துவிடுவார். தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிடச் சின்னதாகப் போடாதே.

அன்புடன்,
அம்மா