அது இயற்கை ஏரி அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எங்கள் ஊர் மலையடிவார ரிசார்ட்டைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'பசுமை சூழ்ந்த இயற்கை ஏரியில் பெடல் படகில் ஒரு மாலை' என்று உங்கள் செய்தியாளர் உருகியிருக்கிறார். படமும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த இயற்கை எப்போது உண்டானது என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பொக்லைன்களும் நாலைந்து டிப்பர்களும் மூன்று வாரம் மண்ணைக் கொட்டி, எங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் ஓடையை மறித்ததில் உண்டானது. டிப்பர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போயின. அப்போது பெயர்ந்த ரோட்டை இன்றுவரை யாரும் போடவில்லை, அது வேறு கதை.

நான் பொதுப்பணித் துறையில் 31 வருஷம் குளத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போன தை மாதம் அண்ணன் பேரனுக்கு அந்த ரிசார்ட்டில்தான் காதுகுத்து. விருந்து முடிந்ததும் எல்லோரும் படகுக்குப் போனார்கள். எனக்குக் கால் சும்மா இருக்குமா? கரைக்குப் பின்பக்கம் இறங்கினேன்.

கரை எட்டு மீட்டர் உயரம் இருக்கும். மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியும் அதன் அடியில் கோரை பச்சைப்பசேல் என்று நின்றது. கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது. ஓரிடத்தில் சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். கலங்கல். எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும், தெளிந்து வந்தால் அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால் கரைக்குள் இருக்கும் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். இதை எந்த ஊர் நீர்பாய்ச்சியிடம் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம் மறுகால், அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் வழி. அகலம் ஆறடிதான். அந்த ஆறடியிலும் கட்லா, ரோகு மீன்கள் தப்பிவிடக் கூடாதாம், குறுக்கே கம்பிவலை அடித்திருக்கிறார்கள். வலை முழுக்கத் தேக்கிலை, பேப்பர் கப், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மதகு எங்கே என்று கேட்டேன். 'மதகுன்னா என்ன சார்?' என்றார் மேலாளர். ஆபத்து என்றால் தண்ணீரை இறக்க அங்கே வழியே கிடையாது.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பணக்காரர்கள் மீன் பிடிக்கவும் படகு விடவும் சங்கம் வைத்து நடத்திய மண்ணணை. கார்னகி, ஃபிரிக் எல்லாம் உறுப்பினர்கள். அடியில் இருந்த வடிகால் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார், இவர்கள் திரும்பப் போடவில்லை. இரண்டு வண்டி எதிரெதிரே போகட்டும் என்று கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் போகாமல் இருக்க மறுகாலில் வலை. 1889 மே 31-ல் பெய்த மழையில் வலை குப்பையால் அடைத்து, தண்ணீர் கரை மேலேறி, அணை உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரம் போனது. 2,209 பேர். சங்கத்தின் மேல் போட்ட வழக்கு ஒன்றும் நிற்கவில்லை, தெய்வச் செயல் என்று முடிந்தது. 1977-ல் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண்ணணை, அதுவும் கடைசிக் காலத்தில் பொழுதுபோக்குக்கு மட்டும் இருந்ததுதான், நள்ளிரவு தாண்டி உடைந்ததில் 39 பேர். அதன் உயரம் சுமார் 12 மீட்டர்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு. 10 முதல் 15 வரை என்றால் நீளம், கொள்ளளவு என்று சில நிபந்தனைகள். எட்டு மீட்டர் கரை அதன் கண்ணுக்கே தெரியாது. மனு கொடுத்தேன். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய துறை, பட்டா நிலம் என்றது. பட்டா நிலத்தில் ஓடை எப்படி வந்தது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. ஓடையை மறித்த பிறகு எங்கள் குளம் இரண்டே தடவைதான் பெருகியது, அதையும் எழுதியிருந்தேன்.

உங்களுக்கும் எழுதினேன். இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது. பரவாயில்லை, இடப் பற்றாக்குறை. ஆனால் 'மறுகால் அடைத்திருக்கிறது' என்று நான் எழுதியதை 'மறுநாள் அடைத்திருக்கிறது' என்று அச்சிட்டீர்கள். கடைத்தெருவில் ஒரு மாதம் என்னை 'என்ன சார், மறுநாள் திறந்துட்டாங்களா?' என்று கேட்டார்கள்.

2023 டிசம்பர் மழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடிப் பக்கம் குளங்கள் வரிசையாக உடைந்தன. என் தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ஊர்க்குளமாக இருந்தால் ராத்திரியில் நாலு பேர் மணல் மூட்டையோடு கரையில் ஏறுவார்கள். இங்கே கரைக்குப் போகக் கேட்டைத் திறக்க வேண்டும், கேட்டில் இருப்பவர் 200 ரூபாய் டிக்கெட் கேட்பார். அந்தக் கரைக்குக் கீழே ஓடையோரம் நாற்பது வீடுகள், ஒரு பால்வாடி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'இயற்கை ஏரி' என்பதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். உங்கள் செய்தியாளர் இன்னொரு முறை வந்தால் படகில் ஏறுவதற்கு முன்னால் என்னோடு கரையின் பின்பக்கம் இறங்கட்டும், பழைய செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள். ரிசார்ட்காரர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள் என்பதால், ஐப்பசி பிறப்பதற்குள் அந்தக் கம்பிவலையை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
தென்காசி மாவட்டம்.

பி.கு.: மறுகால். 'கா', 'ல்'. தயவுசெய்து.