வேலையில் இருந்துகொண்டே மாறுபவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநங்கை ஒருவருக்கு அரசு வேலை கிடைத்தாலோ, கடை வைக்கக் கடனுதவி கிடைத்தாலோ தங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஏடுகளும் படத்துடன் செய்தி வெளியிடுகின்றன. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்துகொண்டு, அதன் நடுவிலேயே பாலின மாற்றத்தைத் தொடங்குகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்று யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்த நிலையில் இருப்பவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக மெர்ச்சன்டைசராகப் பணியாற்றுகிறேன். ஆர்டர் தரும் பையரிடம் (ஆடைகளை வாங்கும் நிறுவனத்திடம்) சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்கி, நூல் வாங்குவதிலிருந்து ஷிப்மென்ட் ஏறும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் தேதி தவறாமல் நகர்த்துவது என் வேலை. ஹார்மோன் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் ஆனபின், என் மாற்றத்தையும் புதிய பெயரையும் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்தேன். யாரும் திட்டவில்லை, வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அடுத்த பையர் கூட்டத்துக்கு மட்டும் வேறொருவர் போனார். கேட்டபோது, "உங்களுக்கும் சிரமம், அவங்களுக்கும் சங்கடம்ங்க, கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் மேலாளர். பிறகு என் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகப் பிறர் கைக்குப் போயின. இப்போது பழைய சாம்பிள்களுக்கு அட்டை எழுதி அடுக்கும் அறையில் அமர்ந்திருக்கிறேன். சம்பளம் குறையவில்லை, ஆனால் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் 'கையாண்ட ஆர்டர்கள்' என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாததால் ஊதிய உயர்வும் இல்லை. இதை யாரிடம் பாகுபாடு என்று நிரூபிப்பது?

கழிவறையும் அப்படியே. ஆண்கள் கழிவறைக்கு இனி நான் போக முடியாது. பெண்கள் கழிவறைக்குப் போனால் 'லேடீஸ் என்ன நினைப்பாங்களோ' என்று தயங்கிய நிர்வாகம், வாசலில் காவலாளிக்கு இருக்கும் கழிவறையை எனக்குக் காட்டியது. அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. தையல் பகுதியில் இருப்பவர்கள் முதல் வாரத்திலேயே என்னை 'அக்கா' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த அலுவலக மாடியில்தான், சார் என்பதா மேடம் என்பதா என்று புரியாமல், என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. திருநரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்புக்குப் பின், 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது. புகாரை அவர் 15 நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அப்படி ஒருவர் எங்கள் நிறுவனத்தில் யார் என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். பாலியல் தொல்லை குறித்து விசாரிக்கும் குழுவின் பெயர்ப் பலகையைக் காட்டி, "இது பெண்களுக்கானது, நீங்கள் இதில் வருவீர்களா என்று கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். நான் கேட்டது அந்தக் குழுவை அல்ல என்பதுகூட அவர்களுக்குப் புரியவில்லை. இத்தனைக்கும், பாலினத்தின் பெயரால் பாகுபாடு காட்டமாட்டோம் என்ற வாசகம், பையர்களின் ஆடிட்டுக்காகத் தமிழிலேயே அச்சிட்டு, வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது.

உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் அடுத்தடுத்து இரு தனியார் பள்ளிகளில் வேலையை இழந்த திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டதோடு, பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ள முதலாளியின் அனுமதி பொதுவாகத் தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. அந்த ஆசிரியை நீதிமன்றம் வரை போனார். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் எத்தனை பேரால் அப்படிப் போக முடியும்?

எனவே தொழிலாளர் துறைக்கு இதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். தொழிற்சாலை ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், புகார் அலுவலரின் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் தீயணைப்புக் கருவியைப் பார்ப்பதுபோலப் பார்க்கட்டும். பாலின அடையாளத்துக்கு மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழை ஒப்படைத்தபின் அடையாள அட்டையிலும் ஊதியச் சீட்டிலும் பெயரை மாற்ற நிறுவனங்களுக்கு ஒரு காலக்கெடு விதிக்கட்டும். நான் சான்றிதழைக் கொடுத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. காவலாளி இன்றும் காலையில் பழைய பெயரைத்தான் உரக்கப் படிக்கிறார், அவர் கையில் இருக்கும் பட்டியலில் அதுதான் இருக்கிறது.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்க்க வேண்டுகிறேன். எந்தப் பெயர் என்பதையே எங்கள் அலுவலகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருப்பூர்