ஐப்பசிக்கு முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

காரிலும் ஜீப்பிலும் ஆண்டெனா கட்டிக்கொண்டு நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சை என்று டெல்டா முழுக்கச் சுற்றும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கு,

வணக்கம்.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிவிட்டது. அன்று காலை திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போகும் சாலையில் காரை நிறுத்திக்கொண்டு நின்றேன். முன்னால் ஒரு புளியமரம் சாலையை மறித்துக் கிடந்தது. கரண்ட் இல்லை. செல்போனில் டவரே இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறிக் குதித்து வந்த ஒரு பையன், "பாட்டிக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு, யாருகிட்டயாவது சொல்லுங்க சார்" என்றான்.

ரேடியோவை எடுத்தேன். ஊரில் மாடியில் ஆண்டெனா வைத்திருக்கும் நண்பர் காத்துக்கொண்டிருந்தார், தூரம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆண்டெனாவுக்கு அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் 1.3 காட்டியது, 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்பது கணக்கு. அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பதிலும் இல்லை. கடைசியில் காரைத் திருப்பி ஊருக்கே போய் வாயால் சொன்னேன். கிடந்த கிளைகளைச் சுற்றிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டு நாள் கழித்து ஆண்டெனா அடியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிளைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உறைக்குள் இருக்கும் செம்புக் கம்பிப் பின்னல் செம்பு நிறத்திலேயே இல்லை. முதல் ஒரு சாண் பச்சைக் களிம்பு, அதற்கப்புறம் கறுப்பு. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தப் பின்னல் கனெக்டர் வழியே புகுந்த உப்புத்தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. மேலே கறுப்பு உறை மட்டும் புதுசு போலவே இருந்தது.

இந்த மடலை எழுத வைத்தது அந்த 1.3தான். கேபிள் கெட்டால் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈரம் புகுந்த கேபிளில் அது இறங்கவும் செய்யும். போகும் பவரைக் கேபிள் பாதி தின்றுவிடும். ஆண்டெனாவில் மோதித் திரும்பி வருவதையும் பாதி தின்றுவிடும். திரும்பி வருவது குறைவாக இருப்பதால் மீட்டர் நல்ல பெயர் கொடுத்துவிடுகிறது. கேட்கும்போதும் அதே இழப்புதான், அதனால்தான் நண்பரின் குரலும் எனக்கு வரவில்லை.

குளிர் நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டியில் தெறித்து ஆண்டெனாவைப் பிடித்திருக்கும் மவுண்ட்டைத் தின்கிறது, ஆண்டெனாக் கம்பியில் பனிக்கட்டி படிந்து எடை கூடி முறிகிறது. நமக்குப் பனிக்கட்டி கிடையாது, ஆனால் உப்புக்குக் குறைவில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பளம் பக்கம் போய் வந்த வண்டியின் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதல்லவா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீராகிவிடும். அதனால் மழை பெய்யாத மார்கழி இரவிலும் உங்கள் கனெக்டர் நனைந்துகொண்டேதான் இருக்கிறது. வழி திறந்துவிடுவதோ சித்திரை வெயில். ரப்பர் வாஷர் அப்போதே வெடித்துவிடுகிறது, நமக்குத் தெரிய வருவதுதான் ஐப்பசியில்.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சோதனை செய்யுங்கள். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்த முனையைத் திறந்தபடி விட்டு, அனலைசரை (எஸ்.டபிள்யூ.ஆர் அளக்கும் கருவி) ரேடியோ பக்க முனையில் மாட்டிப் பாருங்கள். வண்டியில் இருக்கும் நாலைந்து மீட்டர் நல்ல கேபிள் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர் மிக உயரத்தில் நிற்க வேண்டும். 3க்குக் கீழே வந்தால், பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே போகிறது. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். என் கேபிளை இப்போது இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், விலை பெரிதல்ல.

புளித்த காடி வாசம் வரும் சிலிகான் பசையைக் கனெக்டரில் பூசாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் அமிலம் செம்பை அரிக்கும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வெயில் படாமல் மேலே சாதாரண டேப்பும் சுற்றினால் போதும். காந்த அடி (கூரையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் ஆண்டெனா அடி) வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை தூக்கித் துடையுங்கள், அடியில் சேரும் உப்புத்தூள் கார் கூரையையே துருப்பிடிக்க வைக்கும். புயல் வேலைக்குப் போகும்போது காந்த அடியை நம்பவே வேண்டாம் என்பது என் கருத்து. சாய்ந்து தொங்கும் தென்னை மட்டை ஒன்று போதும், அதைத் தட்டிவிட. திருகி மாட்டும் மவுண்ட்டும், அடியில் ஸ்பிரிங்கும் இருக்கட்டும்.

அப்புறம், வண்டியில் ஒரு மாற்று ஆண்டெனா. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர்தான். வெல்டிங் கடையில் கிடைக்கும் பித்தளைக் கம்பியிலேயே செய்துவிடலாம். அதையும் கனெக்டர் போட்ட ஒரு புதுக் கேபிளையும் பிளாஸ்டிக் பையில் கட்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

புரட்டாசி கடைசி ஞாயிறு எல்லோரும் வண்டியோடு திருவாரூரில் கூடலாமா? என்னிடம் அனலைசரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன, நூறு மீட்டர் கேபிள் சுருள் நான் வாங்கி வருகிறேன். இடமும் நேரமும் நீங்கள் சொல்லுங்கள்.

73 (ஹாம் வழக்கில் நல்வாழ்த்துகள்),
திருத்துறைப்பூண்டியிலிருந்து உங்களில் ஒருவன்