கடல் கடந்த வண்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புடையீர்,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கப்பலேறிய என் ஹிமாலயன் மோட்டார் சைக்கிள், சென்னையில் சுங்கச் சோதனை முடிந்து, டி.என். 23 என்று தொடங்கும் அதே எண் பலகையோடு போன வாரம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, நமீபியா, போட்ஸ்வானா ஆகிய நான்கு நாடுகளில் 7,400 கிலோமீட்டர் ஓட்டியவன் நான் ஒருவன்தான் என்றாலும், அந்த வண்டியைக் கப்பலில் ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிய வேலையில் என் பங்கு மிகச் சிறியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் சாலையைப் பற்றியும் சிங்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள்; வண்டி போன மரப்பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே பெட்டியையும் அதைச் சுற்றி நின்றவர்களையும் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தைக்கு. வண்டியை வெளிநாட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோக வேண்டுமானால் 'கார்னே' என்னும் சுங்க ஆவணம் வேண்டும்; அது வண்டிக்கான கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாக இருக்கும். நுழையும்போது ஒரு பகுதியையும் வெளியேறும்போது இன்னொரு பகுதியையும் சுங்கத்தார் கிழித்துக்கொள்வார்கள். இரண்டு முத்திரைகளும் விழுந்த அடிக்கட்டை நம்மிடம் நிற்கும். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கொண்டு தீர்வை கேட்பார்கள் என்பதால், ஆவணம் வழங்கும் மும்பை வாகனச் சங்கத்துக்கு முன்கூட்டியே பிணை காட்ட வேண்டும். என் சேமிப்பு அதற்குப் போதவில்லை. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அத்தை, தம் வைப்புத்தொகைப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து, "மனுஷங்களுக்கு ஜாமீன் போட்டுத்தான்டா பார்த்திருக்கேன், மோட்டார் சைக்கிளுக்குப் போடுறது இதுதான் மொத தடவை" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த நன்றி, சென்னையில் எங்கள் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்த சுங்க முகவர் அலுவலகத்தின் இளம் பெண் ஊழியருக்கு. கார்னே விண்ணப்பத்தின் வரைவையும், என் மெக்கானிக் கொணவட்டத்துப் பாய் பென்சிலால் தேய்த்தெடுத்த சேஸிஸ் எண்ணையும் (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓரிடத்தில் நான் சுழியத்துக்குப் பதிலாக 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடித்திருப்பதைக் கண்டுபிடித்தார். பதினேழு இலக்கச் சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வரவே வராது, எண்களோடு குழம்பும் என்பதால் அவற்றை விலக்கியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஓர் எழுத்தோடு ஆவணம் அச்சாகியிருந்தால், வண்டி வேறு, காகிதம் வேறு என்று டர்பனில் நிறுத்தியிருப்பார்கள்.

இனி ஆசாரி அண்ணன். இந்தக் கதையில் நான் தலைகுனிய வேண்டிய இடம் இதுதான். வீட்டில் கிடந்த மாம்பலகைகளை வீணாக்குவானேன் என்று நினைத்து, அவர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், 2.3 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 1.45 மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டியைச் செய்யச் சொன்னேன். சரக்குக் கிடங்கில் அதைத் தொடக்கூட இல்லை. மரத்தில் பூச்சி போகக் கூடாது என்பதற்காக, பன்னாட்டு விதிப்படி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றி, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டும். என் மாம்பலகையில் இருந்தது எறும்புதான். கொள்கலன் மூடுவதற்கு இரண்டு நாள்களே இருந்தன. செய்தி கேட்டதும் ஆசாரி அண்ணன் உளிப்பையோடு காட்பாடியில் ரயிலேறி வந்து, முத்திரையிட்ட சட்டங்களையும் அந்த விதிக்கு உட்படாத பிளைவுட்டையும் வாங்கி, ஓர் இரவில் புதிய பெட்டியை எழுப்பினார். பாயும் உடன் வந்திருந்தார். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை இறக்கி, கண்ணாடிகளையும் காற்றுத் தடுப்பையும் எடுத்து, பெட்ரோலை வடித்து, பேட்டரி முனைகளைப் பிரித்து நாடா சுற்றி, சஸ்பென்ஷனை அழுத்திப் பட்டைகளால் இழுத்துக் கட்டினார். புதிய பெட்டி இரண்டு மீட்டருக்கு 0.85 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். பிறரோடு பங்கிடும் கொள்கலனில் கூலி கன மீட்டர் கணக்கு, 3.3 கன மீட்டராக இருந்தது இரண்டுக்கு வந்துவிட்டதால், அவர்கள் இருவரும் எனக்கு மிச்சப்படுத்திய பணம், அவர்கள் வாங்க மறுத்த கூலியைக் காட்டிலும் அதிகம்.

கொணவட்டத்துப் பாய் அவர்களுக்கு இன்னொரு கடனும் உண்டு. ஓடுகிற கிளட்ச் கேபிளை ஒட்டியே புதிய கேபிள் ஒன்றையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார். நமீபியாவின் சரளைச் சாலையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லாத இடத்தில் பழையது அறுந்தபோது, இரு முனைகளையும் மாற்றிப் பூட்ட எனக்கு இருபது நிமிடமே ஆயிற்று. ஆம்பூரில் தோல் பைகளைத் தைத்துக் கொடுத்த நண்பருக்கு: லெசோத்தோ எல்லையில் உள்ள சானி கணவாயின் 2,876 மீட்டர் உயரத்து மழையிலும் ஒரு தையல் விடவில்லை.

டர்பனில் என்னைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தைப் பற்றி எழுதாமல் இம்மடல் முடியாது. கொழும்பில் கப்பல் மாறிய பெட்டி பதினொரு நாள் தாமதமாக வந்தது. அதுவரை அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். பிரித்த பெட்டியின் பலகைகளை ஏழு வாரம் தம் கார் கொட்டகையில் வைத்துக் காத்து, திரும்பும் பயணத்துக்கும் அதையே பூட்ட உதவினார்கள். போட்ஸ்வானா எல்லையில் கார்னேயில் முத்திரை குத்த மறுக்கிறார்களே என்று நான் பதறித் தொலைபேசியில் கூப்பிட்டபோது, இந்த நான்கு நாடுகளும் அண்டை நாடான எஸ்வாட்டினியும் ஒரே சுங்க ஒன்றியம், டர்பனில் நுழைவும் டர்பனில் வெளியேற்றமுமே உனக்குக் கணக்கு என்று விளக்கி என்னைத் தூங்க வைத்தவரும் அவ்வீட்டுத் தலைவர்தான்.

ஆசாரி அண்ணன் பலகைகளில் 'மு', 'பி', 'இ', 'வ' என்று பென்சிலால் குறித்திருந்தார்: முன், பின், இடம், வலம். பெட்டியை மீண்டும் பூட்டும் நாளில், அவ்வீட்டின் எண்பது வயது அம்மையார், சிறுவயதில் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து என்று சொல்லி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து எந்தப் பலகை எங்கே என்று எங்களுக்குக் கைகாட்டினார். அன்று மாலை ஒரு காகிதத்தின் படியையும் கொண்டுவந்து காட்டினார். 1860 நவம்பர் 16ஆம் நாள் 342 பேரோடு சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலைத் தொடர்ந்து, 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள் அல்லவா. அவருடைய பாட்டனாரும் அவர்களில் ஒருவர். கப்பல் பதிவேட்டில் ஓர் எண், தகப்பன் பெயர், உடலில் உள்ள தழும்பு, அதன்பின் மாவட்டம் வட ஆர்க்காடு, தாலுகா போளூர் என்று இருக்கிறது. என் வண்டிக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று பிணை இருந்தது. அந்தப் பாட்டனார் திரும்பவில்லை.

ஊர்ப் பெயரை மட்டும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் 'கல்லம்போ' என்பது போலப் படிக்க வருகிறது. களம்பூராக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரேனும் வேறு பெயர் சொல்லக்கூடுமானால் தெரிவிக்க வேண்டுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அதே வண்டியில் அங்கே போகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் சத்துவாச்சாரி நண்பன்