தூத்துக்குடியில் இருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பின்னிய அந்த மேக்ரமே தொங்கல் அழகாக வந்திருக்கிறது. போன தீபாவளிக்கு நீ செய்ததில் முடிச்சு ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்ந்தும் இருந்தது, இப்போது கை நன்றாகத் தேறிவிட்டது. அப்புறம்தான் கீழே தொங்கும் சிப்பிகளைப் பெரிதாக்கிப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "ஆன்லைன்லதான்க்கா, வர்றதுக்கு ஒன்பது நாள் ஆச்சு" என்றாய். கூடவே நீ எப்போதும் சொல்வதையும் சொன்னாய். "இந்த ஊர்ல ஒண்ணுமே கிடைக்காதுக்கா, மதுரை மாதிரி வருமா?"

உன் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கடல் தெரியும். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் சிப்பிக்கு ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறாய். இதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. கல்யாணமாகியோ வேலை மாற்றலாகியோ சின்ன ஊருக்குப் போன எத்தனையோ பெண்கள் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். உன் தூத்துக்குடியில் ஆறு வருஷம் குடியிருந்த நானும் முதல் வருஷம் முழுக்க இதைத்தான் சொன்னேன்.

முதலில் அவசரமான விஷயம். இடது பக்கம் மூன்றாவது சரத்தில் வெள்ளையாக, கிளை கிளையாக ஒரு துண்டு தொங்குகிறதே, அது சிப்பி இல்லை. பவளப்பாறையிலிருந்து ஒடித்தது. பவளப்பாறைகளை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், புலி இருக்கிற அதே பட்டியல். எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். உனக்குத் தெரிந்திருக்காது, ஆனால் பாக்கெட் போட்டு விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ அதை விற்கப் போடுவதற்கு முன்னால் அந்தத் துண்டைக் கழற்றிவிடு.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உன் ஊரிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கடலில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அவற்றில் தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குசல்லித் தீவு இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் என்று வருஷக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள், அலையைத் தாங்க ஒன்றும் இல்லாமல் போனதும் தீவு கரைந்துவிட்டது. சங்கு, சிப்பியிலும் சில வகைகளுக்கு இதே மாதிரி தடை உண்டு. அதனால் இனிமேல் சிப்பி வாங்கும்போது இது என்ன, எங்கிருந்து வந்தது என்று கேள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்கு. பாக்கெட்டிடம் எதையும் கேட்க முடியாது.

சரி, மதுரைப் பேச்சுக்கு வருகிறேன். மதுரையில் எல்லாம் கிடைக்கும் என்கிறாய். அது உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்த்தாயா? அம்மா கூட்டிப்போய்க் காட்டினாள், அதனால் தெரியும். புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடுமே, சித்திரை வந்தால் அழகருக்குத் தண்ணீர் பீச்சுகிறவர்களின் உடை தைக்கக் கூட்டம் நிற்குமே, அங்கே எந்தத் தையல்காரர் மிச்சத் துணியைச் சும்மா தருவார், எந்தக் கடையில் ஜரிகை சாயம் போகாது என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. கட்டடம் புதுசு, முகங்கள் பழசு. போன வாரம்கூட நூல்கண்டு வாங்கப் போனேன், அம்மாவை விசாரித்தார்கள்.) வெட்டுத்துணிக்கு விளக்குத்தூண் பக்கம், குத்துவிளக்குக்கு வெண்கலக்கடைத் தெரு. கொலு பொம்மைக்குக் கடைக்கே போகமாட்டாள். நேராக விளாச்சேரி. வாசலில் ஈரம் காயாமல் வரிசையாக நிற்கும் பொம்மைகளைத் தாண்டித் தாண்டி நடந்து, செய்கிறவர் வீட்டிலேயே வாங்குவாள்.

சுங்குடி எடுக்கும்போது அவள் செய்வது நினைவிருக்கிறதா? முதலில் சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். அச்சடித்ததாக இருந்தால் பின்னால் நிறம் வெளுத்திருக்கும். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பிறகு புள்ளிகளை விரலால் தடவுவாள். கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, புதுத்துணியில் முடிச்சு அவிழ்த்த சுருக்கம் விரலுக்குத் தெரியும். தெப்பக்குளம் பக்கம் அம்மாவின் சிநேகிதி ஒருத்தர், சௌராஷ்டிரக்காரர், திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவார், துணியைப் பார்க்கவே மாட்டார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இருந்தும் இன்றைக்குச் சுங்குடி என்று சொல்லி அச்சுச் சேலைதான் அதிகம் விற்கிறது. அந்தத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவள் ஏமாறமாட்டாள்.

அப்படி ஒரு அம்மா நமக்குத் தூத்துக்குடியில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், பாப்பா. ஊரில் பொருள் இல்லாமல் இல்லை, காட்டித் தர ஆள் இல்லை.

எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. பெரியவனுக்குக் காது குத்து வைத்தோமே, வந்தவர்களுக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி மிட்டாய் போட்டுத் தரலாம் என்று 40 பெட்டிக்கு ஆன்லைனில் சொல்லியிருந்தேன். விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் பார்சல் வந்தது. பிரித்தால் பூஞ்சைக் காளான் வாடை. பாதிக்கு மேல் கறுத்துப் போயிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, ஓலப்பெட்டிக்கா அழுத? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்றார். அவருடைய சித்தி மணப்பாட்டில் பெட்டி முடைகிறவர். ராத்திரியே போன் போட்டார், காலையில் முதல் பஸ்ஸில் மூடியோடு 40 பெட்டி வந்து இறங்கியது. நான் ஆன்லைனில் கொடுத்ததில் பாதிப் பணம்தான் கேட்டார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது, முழுப் பணத்தையும் கொடுத்தேன்.

அடுத்த மாதமே மணப்பாட்டுக்குப் போனேன். நீயும் போக வேண்டும். திருச்செந்தூர் தாண்டிப் போக வேண்டும், உன் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், போகிற வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம். மேட்டின் மேல் கடலைப் பார்த்து நிற்கும் திருச்சிலுவைக் கோயிலைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வா. பனையின் குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் நாடாவாகக் கிழிக்கிறார்கள். இந்தக் கிழிப்பதுதான் கஷ்டம், நான் முயன்று பார்த்து விரலை அறுத்துக்கொண்டேன். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி நிழலில் உலர்த்த வேண்டும். முடையும்போது லேசாக ஈரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடிந்துவிடும். முடைந்ததை நன்றாகக் காயவிடாமல் பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று அந்த அக்காவின் சித்தி சொன்னபோதுதான் என் பார்சலுக்கு என்ன ஆனது என்று புரிந்தது. அங்கே பெண்களுக்குக் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது, அதன் வழியாகவும் வாங்கலாம். ஒன்றே ஒன்று: அங்கே போய்ப் பேரம் பேசாதே. ஒரு முடிச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த நீயே பேசினால் வேறு யார் பேசாமல் இருப்பார்கள்?

உன் மேக்ரமேயில் சிப்பிக்குப் பதிலாகக் குட்டி ஓலைக் கிலுகிலுப்பைகளைக் கட்டிப் பார். காற்றடிக்கும்போது உள்ளே இருக்கும் மணி சத்தம் போடும். எனக்கு அதைக் கற்பனை பண்ணும்போதே ஆசையாக இருக்கிறது.

அப்புறம் கயிறு. கயிறும் பார்சலில்தான் வருகிறதா? ஊரே கயிற்றில் பிழைக்கிறது! மீன்பிடித் துறைமுகம் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைக்குள் ஒருமுறை நுழைந்து பார். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று நைலான் நூல் உருண்டைகள், விரல் தடிமனிலிருந்து தையல் நூல் தடிமன் வரை. மிதவைகள் கூடக் குவிந்து கிடக்கும், பெரிய மணி மாதிரி, நடுவில் ஓட்டையோடு. எடை போட்டுத் தருவார்கள். பெண்பிள்ளை வந்து நிற்கிறாளே என்று முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், எதற்கு என்று கேட்பார்கள். நீ செய்த ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டு. நான் ஒரு தொங்கல் பையைக் காட்டியதும் கடைக்காரர் வேறு வேலையை விட்டுவிட்டு, எந்த நூல் வெயிலில் நைந்து போகும், எது போகாது என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்.

திரேஸ்புரம் கரையில் வலை பழுதுபார்க்கும் பெரியவர்கள் போடுகிற முடிச்சையும் உட்கார்ந்து கற்றுக்கொள். நனைந்தாலும் நழுவாத முடிச்சு அது. கால் பெருவிரலில் நூலை இழுத்து மாட்டிக்கொண்டு வலை ஊசியால் கண் கண்ணாகப் பின்னிக்கொண்டே போவார்கள். நீ பார்த்த மேக்ரமே வீடியோக்கள் எதிலும் இந்தக் கை வேகம் இல்லை. பருத்திக் கயிறு அந்த உப்புக் காற்றில் சீக்கிரம் மங்கிவிடும், இரும்பு வளையம் மாட்டினால் இரண்டு மாதத்தில் துரு இறங்கிக் கயிறே பழுப்பாகும். இதெல்லாம் எனக்கு நடந்தது. அந்த ஊரில் விற்கிற சாமான் அந்த ஊர்க் காற்றைத் தாங்குகிறது.

எல்லாமே அங்கே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ரெசினோ நல்ல கத்தரிக்கோலோ ஆன்லைனில் வாங்கு, அல்லது என்னிடம் சொல், இங்கே வாங்கி பஸ்ஸில் போட்டு விடுகிறேன். கோரைப்புல் வேலைக்கு ஆசை வந்தால், பாய்க்குப் பேர்போன பத்தமடை உனக்கு என்னைவிடப் பக்கம்.

நீ தினமும் வ.உ.சி. பெயரைத் தாண்டித்தான் போகிறாய், துறைமுகமே அவர் பெயரில்தான் இருக்கிறது. 1906இல் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக அந்த ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அதே ஊரில் நெசவுச் சாலையும் சுதேசிப் பண்டகசாலையும் ஏற்படுத்தினார் என்பதை நான் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கப்பல் விடுகிற மனுஷனுக்கு ஒரு கடையும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. எண்ணெய்க்கும் துணிக்கும் தெருமுனைக் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இன்னொன்று. போன மாதம் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே கண்ணாடிக்குள் சங்கு வளையல் துண்டுகள் வைத்திருக்கிறார்கள். வைகைக் கரையில் சங்கு ஏது? கடற்கரையிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும், இங்கே ஒரு பெண் அதை வாங்கிக் கையில் போட்டிருக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் உன் கடலில் கிடைத்ததை என் ஊர்க்காரி விரும்பி வாங்கியிருக்கிறாள். சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "சித்தி ஊர்ல இருந்து வந்ததாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26இல் கொடி ஏறும். அதற்கு அடுத்த சனிக்கிழமை வருகிறேன். மாட்டுத்தாவணியில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக மூன்று மணி நேரம்தான், காலைச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன். சாயங்காலம் திருவிழாக் கடைகளைப் பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமை மணப்பாடு. அம்மாவின் அந்த அரக்குச் சுங்குடி கிழிந்துவிட்டது, தூக்கிப் போட மனசு வரவில்லை. அதை வெட்டிக்கொண்டு வருகிறேன், வாங்கும் பெட்டிகளுக்கு உள்துணி தைத்துவிடலாம். உன் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வை.

நான் வருவதற்குள் அந்த வலைக்கடைக்கு நீயாக ஒருமுறை போய்விட்டு வா. என்னென்ன நிறத்தில் நூல் இருந்தது என்று எழுது.

அன்புடன்,
அக்கா
மதுரை